அப்பா விட்டுச்சென்ற மாருதி 800-ஐ வேகத்துக்காக மாற்றியமைக்கலாமா?

மாற்றாதீர்கள். இப்படி ஒரே வார்த்தையில் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். அப்பாவின் வண்டி வீட்டில் நிற்கிறது, விற்க மனம் வரவில்லை, நெடுஞ்சாலையில் எல்லோரும் முந்திப் போகிறார்கள், மாருதியின் பெரிய காரான எஸ்டீமின் இன்ஜினைப் பொருத்தினால் பறக்கும் என்று ஒரு மெக்கானிக் ஆசை காட்டியிருக்கிறார். 2016-இல் நானும் இதே நிலையில்தான் இருந்தேன்.

எங்களுடையது 1998 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், நான்கு கியர். அப்பா உடுமலையில் பள்ளி ஆசிரியர். கடன் வாங்காமல் வாங்கிய வண்டி என்று கடைசிவரை பெருமையாகச் சொல்வார். அவர் போன ஆறாவது மாதம் நான் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வேறு சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர், 13 அங்குல அலாய் சக்கரம், அகலமான டயர் என்று 38,000 ரூபாய் செலவானது.

சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. காரணம் பின்னால்தான் விளங்கியது. கம்பெனி கொடுத்த 145/70 (மில்லிமீட்டரில் அகலம், அதில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம்) 12 அங்குல டயருக்குப் பதிலாக 165/65 13 அங்குலம் போட்டால் விட்டம் ஏறக்குறைய 7 சதவீதம் பெரிதாகிறது. ஒவ்வொரு கியரும் அந்த அளவு பாரமாகிவிடும். நாற்பது குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜின் அதை இழுக்கத் திணறும். மீட்டரில் 80 காட்டும்போது வண்டி 85-ஐத் தாண்டியிருக்கும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசும்.

அந்தக் கோலத்திலேயே அம்மாவை வால்பாறைக்கு அழைத்துச் சென்றேன். திரும்பும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். "அப்பா இங்கே இரண்டாவதில்தான் இறங்குவார், கண்ணு" என்று அம்மா இரண்டு முறை சொன்னார். இரண்டாவதில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்; நான் எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் போட்டேன். ஒன்பதாவது வளைவுக்குச் சற்று மேலே பிரேக் பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. கைப்பிரேக்கை இழுத்து, கியரை இறக்கி, இடப்பக்கம் தடுப்புச் சுவரில் உரசித்தான் நிறுத்த முடிந்தது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் அது. அன்றிரவு முழுவதும் என் கை நடுங்கியது. பிரேக் ஷூ தேய்ந்து தகடாகியிருந்தது. அத்தனை ஆயிரம் செலவழித்த நான் பிரேக்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

ராலி எனும் கார் பந்தயம் ஓட்டுகிறவர்கள் 800-ஐ மாற்றவில்லையா என்று யாராவது கேட்கக்கூடும். மாற்றுகிறார்கள். ஆனால் அவர்கள் இன்ஜினோடு பிரேக், சஸ்பென்ஷன், கவிழ்ந்தாலும் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜ் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். மூடிய பாதையில் ஓட்டுகிறார்கள். வேகம் 80-இலிருந்து 100 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. பயந்து பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது.

சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் (பதிவுச் சான்றிதழ்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

     

இப்போது அந்த வண்டியில் பழைய 12 அங்குலச் சக்கரம்தான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, டேப்பெட் (வால்வு இடைவெளி), டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) சரிபார்த்து, பிளக்கும் கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டதும் இருபது வருடத்தில் இழந்த இழுவை திரும்ப வந்தது. நீங்கள் சொல்லும் மந்தமும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். மெக்கானிக்கிடம் இன்ஜின் பேச்சை எடுக்காமல், முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைக் காட்டச் சொல்லுங்கள்.