முடக்குவாதத்துக்குச் சீன மூலிகை: 27 வயதுத் தங்கைக்குக் கொடுக்கலாமா?

தங்கைக்கு 27 வயது, முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்). அதற்கு டாக்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆன்லைனில் விற்கும் சீன மூலிகை கேப்ஸ்யூலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்கும் அதே நோய், வாரம் ஒருமுறை அதே மாத்திரை. அதனால் இதைத் தேடிப் படித்திருக்கிறேன்.

இந்த நோய்க்குச் சீன மூலிகை என்றால் முதலில் அடிபடும் பெயர் லெய் கொங் தெங் என்ற கொடி. ஆங்கிலப் பெயர் தண்டர் காட் வைன். இது வெறும் நம்பிக்கை இல்லை, வேலை செய்கிறது. பெய்ஜிங்கின் பீக்கிங் யூனியன் மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வில் 207 நோயாளிகளுக்கு 24 வாரம் மருந்து கொடுத்தார்கள். நோய் பாதியாவது தணிந்தவர்கள், மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுத்தவர்களில் சுமார் 46 சதவீதம், மூலிகை மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 77. யாருக்கு எந்த மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு என்பதால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அப்படியும் புறந்தள்ள முடியாத கணக்கு.

அது உண்மையிலேயே வேலை செய்வதால்தான் எனக்குப் பயமே. அந்தக் கொடியிலுள்ள டிரிப்டோலைடு என்ற வேதிப்பொருள், மூட்டைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை அடக்குகிறது, அதோடு நிற்பதில்லை. ஆண்களுக்கு விந்தணு குறைகிறது. இதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்க முடியுமா என்றுகூட ஆராய்ந்திருக்கிறார்கள்! பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம், சிலருக்குத் திரும்ப வராமலும் போகலாம். கல்லீரல், சிறுநீரகத்தையும் பாதிக்கும். 27 வயதுப் பெண்ணுக்கு இதை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. (மெத்தோட்ரெக்சேட்டும் கர்ப்ப காலத்தில் ஆகாது. ஆனால் அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும்.)

இன்னொன்று, இந்தக் கொடியின் இலை, பூ, வேர்ப்பட்டை எல்லாமே விஷம். தோலுரித்த வேரின் உள்பகுதியைத்தான் மருந்துக்கு எடுக்கிறார்கள். ஆன்லைன் டப்பாவில் எந்தப் பகுதி இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

‘மூட்டுவலி மூலிகை’ என்று விற்பவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலப்பதும் உண்டு. சிங்கப்பூர், ஹாங்காங் சுகாதாரத் துறைகள் இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றன. ரெண்டே நாளில் வலி பறந்துபோனால் எனக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும்.

தங்கை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் டப்பாவோடு ருமடாலஜிஸ்டை (மூட்டு நோய் டாக்டரை) சீக்கிரம் பாருங்கள். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.