அம்பாசடர் மிஸ் அடிக்கிறதா? முதலில் பிளக்கின் முகத்தைப் பாருங்கள்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1984 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. மாதம் ஒரு முறைதான் வெளியே எடுக்கிறேன். மற்றபடி வாரா வாரம் ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுவேன். ஐடிலில், அதாவது நின்றபடி ஓடும்போது, வண்டி குலுங்குகிறது. மேடு ஏறும்போது திக்கித் திக்கிப் போகிறது. மூன்று மாதத்தில் இரண்டு தடவை நான்கு பிளக்கும் மாற்றியாயிற்று. திரும்பவும் நான்கும் கரி பிடித்துக் கறுத்துவிட்டன. ஆயில் குறையவில்லை, புகையும் இல்லை. மெக்கானிக், "போர் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்கிறார். இறக்கலாமா?

பதில்: இறக்காதீர்கள். போர், அதாவது சிலிண்டரின் உட்சுவர், தேய்ந்துபோன இன்ஜின் ஆயில் குடிக்கும், நீல நிறத்தில் புகை விடும், பிளக்கும் ஈரமாக எண்ணெய் வழிய வரும். உங்களுடையதில் இது எதுவுமே இல்லை.

பிளக்கைக் கழற்றும் முன் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், உள்ளே விழக் கூடாது. கழற்றியதை ஒரு அட்டையில் 1, 2, 3, 4 என்று ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வரிசையாகக் குத்தி வையுங்கள். நான்கையும் டப்பாவில் கொட்டிவிட்டால் பாதி சாட்சி போச்சு. பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். விரலில் மை போல ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது தீப்பொறி பலவீனம். கறுத்து, ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில், அல்லது அதற்குப் போகும் ஒயரில். நான்கும் ஒரே மாதிரி கறுத்தால் நான்குக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்: பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில், அந்தக் காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டன்ஸர்.

இன்னொரு பொதுவான இடமும் உண்டு. சொன்னால் வருத்தப்படாதீர்கள், உங்கள் பத்து நிமிடப் பழக்கம்தான் அது. பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டால்தான் ஒட்டிய கரி தானாக எரிந்து போகும். ஷெட்டில் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தருவது) இழுத்து நின்றபடி ஓடும் இன்ஜினில் அந்தச் சூடு வரவே வராது. கரி மட்டும் சேரும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். தீப்பொறி இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே நழுவி பாடிக்குப் போய்விடும். எரியாத பெட்ரோல் இன்னும் கரியாகும். கொஞ்சம் பெட்ரோல் ஆயிலிலும் இறங்கும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள். இனி ஓட்டினால் அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

அப்புறம் சோக். டாஷ்போர்டில் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, பானெட்டைத் திறந்து கார்புரேட்டரில் லீவர் கடைசி வரை திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேபிள் பாதியில் சிக்கி நிற்பது சர்வ சாதாரணம். லீவர் சரியாக இருந்தால் ஏர் ஃபில்டர், அடுத்து கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டும் நீடில் வால்வும். இன்றைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கத்தான் செய்யும். அதைப் போட்டும் கரி பிடிக்கிறது என்றால் எங்கோ பெட்ரோல் தாராளமாக இறங்குகிறது.

மேட்டில் திக்குவது வேறு ஒன்றையும் சொல்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், தீப்பொறி தாண்ட அதிக வோல்ட் தேவைப்படும். சமதளத்தில் சமாளித்துவிடும் நோஞ்சான் இக்னிஷன் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கறுப்பு இழை ஓடினால் அது கரித்தடம். துடைத்துப் பயனில்லை, மூடியையே மாற்ற வேண்டும். பாயின்ட்டில் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்ஸரைச் சந்தேகியுங்கள். பாயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஃபீலர் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண் மதிப்பு உதவாது.

"கண்டன்ஸர் புதுசு சார், போன மாசம்தான் போட்டது" என்பார்கள். நானும் அப்படி நம்பி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கார்புரேட்டரில் தொலைத்திருக்கிறேன். கடைசியில் டூல் பையில் கிடந்த இருபது வருடப் பழைய கண்டன்ஸரை மாட்டினேன், மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் விடுவது) நின்றது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரும், இப்போது வருவது அப்படித்தான். பழையது நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

ஒயர் கசிவைப் பிடிக்க, இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது பானெட்டைத் திறந்து பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை வைக்காதீர்கள். எந்த சிலிண்டர் சோம்பேறி என்று அறிய, இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கல் கூடினால் அது வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். வித்தியாசமே இல்லையென்றால் அதுதான் ஆள். ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது எரியும் வரிசை 1-3-4-2 என்பதை மறக்காதீர்கள்.

பிளக் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மூக்கின் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது குளிர்ந்த பிளக், மெதுவாகக் கடத்துவது சூடான பிளக். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான பிளக். ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொன்றில் தேடினால் தலைகீழாகிவிடும். தேவைக்கு மேல் குளிர்ந்த பிளக் போட்டால் கரி எரியாமல் தங்கிவிடும். பழைய பிளக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம். பீங்கானில் உலோகத் துகள் ஒட்டி அதுவே கசிவாகும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு சிலிண்டர் ஒத்துழைக்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நல்லது. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர், உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. ஏறவில்லை என்றால் வால்வ். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்.