பேசாத பிள்ளை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது, கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை. என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இம்முறை வருடாந்த மதிப்பீட்டில் 'கூட்டங்களில் வாய் திறப்பதில்லை' என்று எழுதிவிட்டு, எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவரைக் குழுத் தலைவராக்கிவிட்டார்கள். வீட்டிலும் இதே பாட்டுத்தான். ஆட்கள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறேன் என்று அம்மாவுக்குக் கவலை. கலகலப்பான அண்ணனைக் காட்டிக் காட்டிப் பேசுவார். இணையத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். 91 சதவீதம் இன்ட்ரோவர்ட் என்று வந்தது. பார்த்ததும் பெரிய நிம்மதி. ஆனால் மூன்று நண்பர்களோடு மரைன் டிரைவ் மதிலில் இருந்தால் இரவு பதினொரு மணி வரை நான்தான் கதைப்பேன். உலகம் வாயாடிகளுக்கு மட்டும்தானா? உள்ளே ஒன்றும் இல்லாதவர்கள்தானே அதிகம் சத்தம் போடுகிறார்கள்? நான் மாறத்தான் வேண்டுமா? அடுத்த மாதம் மச்சாளின் கலியாணம் வேறு. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

இ., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதில். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 91 சதவீதத்தைத் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள்.

அகமுகி (நீங்கள் சொல்லும் இன்ட்ரோவர்ட், தனக்குள் ஒதுங்குபவர்), புறமுகி (ஆட்களோடு கலகலப்பவர்) என்ற பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனமருத்துவர் கார்ல் யுங். அவருடைய நூல் 1921இல் வந்தது. அவரே மனிதர்களை இரண்டு பட்டிகளாகப் பிரித்து அடைக்கவில்லை. இது உயரம் மாதிரி. மிக நெட்டையானவரும் மிகக் குட்டையானவரும் சிலரே; மற்றவர்கள் எல்லோரும் நடுவில் நிற்கிறார்கள். இணையச் சோதனைகளுக்கு நடுவில் நிற்பவர்கள் பிடிக்காது. 'நீங்கள் சாதாரண ஆள்' என்ற முடிவை யார் நண்பர்களுக்கு அனுப்பப்போகிறார்கள்?

அதற்காக இது வெறும் கற்பனை என்றும் நான் சொல்லவில்லை. லண்டனில் இருந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் ஆட்களின் நாக்கில் நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஊறும் உமிழ்நீரை அளந்தார். அகமுகிகளுக்குக் கூடுதலாக ஊறியது. ஒரே புளிப்புத்தான், சிலரின் நரம்புகள் அதற்கு அதிகமாகத் துள்ளுகின்றன. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய ஓசைகளையும் பொருட்களையும் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை கையையும் காலையும் உதறி அழுதது. பின்னாளில் ஒதுங்கி நின்று கவனிக்கும் பிள்ளைகளானவர்களில் பலர் அந்தக் குழந்தைகள்தான். கலியாண மண்டபத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தலை கனக்கிறது என்றால் அது திமிரும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டலாம்.

ஆனால் பேசாதவர்கள் எல்லோரும் அகமுகிகள் என்று சொல்லிவிட முடியுமா? என் அப்பாவின் கதையைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் அவர் விறாந்தையில் இருந்தால் ஒழுங்கையால் போகிற சைக்கிள்கள் நின்றுதான் போகும். அப்படிக் கதை. 1996இல், போர்க்காலத்தில், கொழும்புக்கு வந்தோம். வாயில் தமிழ் வந்தால் சந்தேகமாகப் பார்ப்பார்களோ என்ற பயம். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் அப்பா சரியான சில்லறையை முன்பே உள்ளங்கையில் எண்ணி வைத்திருப்பார். நடத்துநர் வந்ததும் ஒரே ஒரு சொல். 'வெள்ளவத்தை' என்ற பெயரின் கடைசி ஐகாரத்தை விழுங்கி, 'வெள்ளவத்த' என்பார். அவ்வளவுதான். நான் தமிழில் ஏதாவது கேட்டால் பதில் வராது. இரண்டு விரலால் என் முழங்காலை அழுத்துவார். இறங்கி, காலி வீதியைக் கடந்து, எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்த பிறகுதான் 'என்ன கேட்டாய்?' என்பார். அதற்குள் எனக்குக் கேள்வி மறந்துபோயிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கு மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கியது 2014 ஒக்டோபரில். அடுத்த வருடம் அப்பாவை யாழ்தேவியில் கூட்டிப்போனேன். அனுராதபுரம் வரை பத்திரிகைக்குள் முகத்தை வைத்திருந்தார். வவுனியா தாண்டியதும் பத்திரிகையை மடித்துவிட்டு, எதிரில் இருந்தவரிடம் 'நீங்கள் எந்த ஊர்?' என்று கேட்டார். கிளிநொச்சி வரும்போது பெட்டியில் பாதிப் பேர் அவருடைய முசுப்பாத்திக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் போன பத்தொன்பது வருடத்தில் எந்த நாள் அந்தச் சோதனையை அவரிடம் கொடுத்திருந்தாலும் உங்களைவிட அதிக சதவீதம் வாங்கியிருப்பார்.

அதனால்தான் அந்த மதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதிலில் எந்த மொழியில் கதைக்கிறீர்கள்? அலுவலகக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது? கடிதத்தில் இதை நீங்கள் எழுதவில்லை. கொழும்பில் பலருக்கு நடப்பதைச் சொல்கிறேன். தமிழில் வந்த யோசனையை ஆங்கிலத்தில் அடுக்கி, இலக்கணம் சரிபார்த்து, வாய் திறக்கும்போது கூட்டம் அடுத்த விடயத்துக்குப் போயிருக்கும். உங்கள் சிக்கல் இதுதான் என்றால் அதற்குப் பெயர் சுபாவம் இல்லை. பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். அதைத் திருத்தலாம். மூன்று பேரோடு ஊற்றாகப் பேசி, முப்பது பேர் நடுவில் எந்த மொழியிலும் வற்றிப்போகிறீர்கள் என்றால்தான் சுபாவம். அதைத் திருத்த வேண்டியதில்லை, சமாளித்தால் போதும். இரண்டும் கலந்தும் இருக்கலாம். எது எவ்வளவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை தந்த நிம்மதியில் இந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி உங்களோடு கொஞ்சம் சண்டை. 'உள்ளே ஒன்றும் இல்லாதவர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது பேசாதவர்களுக்கு இப்படி ஒரு புதுப் பெருமை வந்திருக்கிறது. என் சின்னம்மா ஓயாமல் கதைப்பவர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் மருமகளுக்கு எந்த மாதம் பிரசவம் என்பது வரை இறங்குவதற்குள் கேட்டுவிடுவார். தொண்ணூறுகளில் நாங்கள் ஒரு லொட்ஜில் இருந்தோம். அங்கே தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இருந்தும் ஒரு இரவு மூன்று பொடியன்களைப் பொலிஸார் ஏற்றிப்போய்விட்டார்கள். புத்தகம் வாசிக்கிற நாங்கள் எல்லோரும் கட்டில் விளிம்பில் இருந்தோம். சின்னம்மா புறப்பட்டார். மருந்துக்கடைக்காரரின் தம்பி ஒரு சமாதான நீதவான் என்பது அந்த லொட்ஜில் அவருக்கு மட்டும்தான் தெரியும். மருந்து வாங்கப் போன இடத்தில் கதை கொடுத்துத் தெரிந்துகொண்டது. அரைகுறைச் சிங்களத்தில் விடியும்வரை அந்த நீதவானின் வாசலில் நின்று பேசினார். காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று வாயில்லாத பிள்ளைகளும் சேர்ந்து பிழைத்தோம்.

அலுவலகத்துக்கு வருகிறேன். எல்லோரும் ஒன்றாக இருந்து சத்தமாக யோசிப்பது என்ற முறையைப் பரப்பியவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நால்வர் சேர்ந்து யோசித்ததைவிட, நால்வர் தனித்தனியே யோசித்ததைக் கூட்டியபோது அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் காத்திருக்க வேண்டுமே, அதற்குள் தங்களுடையது மறந்துவிடும். (எனக்குத் தெரிந்த இலக்கியச் சங்கக் கூட்டங்களை வைத்தே இந்த முடிவுக்கு வந்திருக்கலாம்.) ஆகவே உங்கள் மேலாளர்களும் கொஞ்சம் பழையதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் உங்கள் யோசனையை அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள். மறுநாள் முதல் ஐந்து நிமிடத்துக்குள் பேசிவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்க நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பதவி உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குழுத் தலைவர் என்றால் தன் ஆட்களுக்காக மேலிடத்தில் வாய் திறந்து வாதாட வேண்டும். அந்த எரிச்சல் பதவி கைவிட்டுப் போனதாலா, கணக்கில் எடுக்காமல் விட்டதாலா? இரண்டாவது என்றால் கேட்க வேண்டியது சம்பளம்.

கலியாணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது, அந்தப் பேச்சே வேண்டாம். கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுங்கள். வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அது பெண்பிள்ளைகளின் வேலை என்று ஒரு மாமி சொல்வார். சிரித்துக்கொண்டே செம்பைக் கையில் எடுத்துவிடுங்கள். வருகிற எல்லோரையும் பார்ப்பீர்கள், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், ஆளுக்கு ஒரு 'வாருங்கள்' போதும். சம்பளம் எவ்வளவு, கலியாணம் எப்போது என்று கேட்க நினைக்கும் பெரியப்பாவைப் பின்னால் வருகிறவர்கள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.