ஈரலில் கட்டி, வாசலில் நாய்

கேள்வி: ஐயா, வணக்கம். பள்ளத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். 22 வெள்ளாடு, 4 நாட்டு மாடு, காவலுக்கு 2 நாய் வைத்திருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன் கருப்பர் கோயில் கிடாவெட்டில் எங்கள் கிடாயை அறுத்தபோது, ஈரலில் எலுமிச்சை அளவில் மூன்று வெள்ளை உருண்டைகள் புதைந்திருந்தன. "தண்ணிக்கட்டிதான், ஒன்றும் செய்யாது" என்று சொல்லி, வெட்டியவர் அதை மட்டும் அறுத்து நாய்க்குப் போட்டுவிட்டார். மிச்ச ஈரலை வறுத்துச் சாப்பிட்டோம். ஏதும் ஆகுமா? இரண்டு பெட்டையாடுகளுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரித் தொங்குகிறது, அதுவும் இதே நோயா? சாண எரிவாயுக் கலன் கட்டலாம் என்று இருக்கிறோம். ஆட்டுக் குடல், கழிவையெல்லாம் அதிலேயே போட்டுவிடலாமா? மாமியாருக்கு அடுப்புப் புகையில் ஓயாத இருமல். பக்கத்துப் புஞ்சையில் வேறு கரிமூட்டம் போடுகிறார்கள்.

பதில்: அம்மா, வறுத்துச் சாப்பிட்ட ஈரலை மறந்துவிடுங்கள். அதனால் உங்களுக்கு இந்த நோய் வராது. நாய்க்குப் போட்ட அந்த மூன்று உருண்டைகளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆட்டு வயிற்றில் நீர்க்கட்டி இரண்டு விதமாக வரும். ஒன்று, குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்விலோ ஈரலின் ஓரத்திலோ மெல்லிய தோலோடு தொங்கும். தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது மனிதருக்குத் தொற்றாது. மற்றது ஈரலுக்கோ நுரையீரலுக்கோ உள்ளே புதைந்து, தடித்த வெள்ளைத் தோலோடு, அழுத்தினால் பந்து மாதிரி விறைப்பாக இருக்கும். நீங்கள் 'புதைந்திருந்தன' என்று எழுதியிருப்பதால் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஹைடாடிட் கட்டி என்பார்கள். எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் அது.

கால்நடை மருத்துவராகப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு செம்மறியின் ஈரலில் இந்தக் கட்டியைக் கத்தி நுனியால் தொட்டேன். தண்ணீர் பீய்ச்சி அடித்துச் சட்டைப் பொத்தான் வரை நனைந்துவிட்டது. அடுத்த கட்டியை ஊசியில் உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டேன். பளிங்கு போன்ற தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அடியில், ரவையை விட நைசாக, வெள்ளை மணல் படிந்தது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணலும் ஒரு புழுத் தலை! தலையைச் சுற்றி வட்டமாகக் கொக்கிகள். நாயின் வயிற்றுக்குள் போனால் அந்த ஒவ்வொரு தலையும் ஒரு முழுப் புழுவாக முடியும். எலுமிச்சை அளவுக் கட்டி ஒன்றில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கலாம். உங்கள் நாய்கள் தின்றது மூன்று.

வளர்ந்த புழு என்ன பெரிதாக இருக்கும்? அரை அரிசி நீளம்தான், மூன்று நான்கு கணுக்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாது. மெலியாது, கழியாது, வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கும். இதில் பெரிய சங்கடமே அதுதான். அதன் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வந்துகொண்டே இருக்கும். புல்லில் விழுந்ததை ஆடு மேயும், அதற்குக் கட்டி வரும். நாய் தன்னை நக்கிக்கொள்ளும்போது முட்டை அதன் ரோமத்தில் ஒட்டும். நாயைக் கட்டிப்பிடித்து விளையாடிய குழந்தை அதே கையால் முறுக்கைத் தின்னும். நாய் புழங்கும் பாத்தியில் பறித்த கொத்தமல்லியைச் சரியாக அலசாமல் சட்னி அரைப்போம். மனிதருக்கு இது இப்படித்தான் வருகிறது. கறியால் வருவதில்லை.

மனித உடம்பிலும் ஆட்டுக்கு வந்த அதே இடங்கள்தான், ஈரல், நுரையீரல். கட்டி மெல்ல வளரும். பல வருடம் ஒரு தொந்தரவும் தெரியாது. இன்றைக்கே உங்கள் வீட்டில் யாருக்கும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பயந்துபோய் எல்லோரையும் ஸ்கேன் எடுக்க இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். வலது விலாவுக்குக் கீழே பாரம், மந்த வலி, நெடுநாள் இருமல் என்று யாருக்காவது இருந்தால் மருத்துவரிடம் போகும்போது, "வீட்டில் ஆடும் நாயும் வளர்க்கிறோம், ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி பார்த்தோம்" என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வரி மிக முக்கியம். ஏனென்றால் இந்தக் கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி போட்டு நீர் எடுத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. மருத்துவர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் மருந்து, சிலருக்கு அறுவை.

சரி, இப்போது நாய்களுக்கு வருவோம். கட்டியைத் தின்ற நாளிலிருந்து புழு வளர்ந்து முட்டை விட ஆறு ஏழு வாரமாகும். உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அந்த விருந்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் போன வருடக் கிடாவெட்டிலும் எதையாவது தின்றிருக்கும் இல்லையா? அதனால் இரண்டு நாய்க்கும் ஏற்கெனவே புழு இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, இந்த வாரமே மருந்து கொடுங்கள். மருந்தின் பெயர் பிராசிகுவான்டெல். எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். நம் ஊர் நாய் 15 கிலோ இருந்தால் 75 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றரை. மற்ற புழு மருந்தோடு கலந்தும் விற்கிறார்கள், அதுவும் ஆகும். அட்டையில் பிராசிகுவான்டெல் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சாதாரணப் பூச்சி மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டு 'நாய்க்கு மருந்து கொடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரை இந்தப் புழுவைத் தொடாது.

இந்த மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே மாத்திரை கொடுத்ததிலிருந்து மூன்று நாள் நாயைக் கட்டிப் போட்டு, மலத்தை மண்வெட்டியால் அள்ளி ஆழமாகப் புதையுங்கள், அல்லது சருகு போட்டு எரியுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாத்திரை. செலவாகத் தெரிந்தால், கழிவை நாய்க்குப் போடுவதை முழுக்க நிறுத்திவிட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுங்கள். முட்டை காய்ந்துபோவதையும் சூட்டையும் தாங்காது, நம் செம்மண் பொட்டலில் சித்திரை வெயில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொழுவத்து ஓரம், கிணற்று வாய்க்கால், கீரைப் பாத்தி, இந்த மூன்று இடத்துக்கும் நாய் போகாமல் முள் அடையுங்கள். செட்டிநாட்டில் குடிதண்ணீர் ஊரணியைச் சுற்றிச் சுவர் எடுத்து, படித்துறை கட்டி, மாடும் நாயும் இறங்காமல் பார்த்துக்கொண்டார்களே, அவர்களுக்கு இந்தப் புழுவின் பெயர் தெரியாது. ஆனாலும் காரியம் சரியாக நடந்தது.

அடுத்த கிடாவெட்டுக்கு முதல் நாளே இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டி வைத்துவிடுங்கள். கட்டியுள்ள ஈரல், நுரையீரல் எல்லாம் அதற்குள். மேலே சுண்ணாம்பு தூவி மண் தள்ளி, நாய் தோண்டாதபடி கல் ஏற்ற வேண்டும். நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், துண்டு துண்டாக நறுக்கி, கொதி வந்த பிறகு அரை மணி முக்கால் மணி வேகவைத்துக் கொடுக்கலாம். வெட்டுகிறவரிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் போடுகிறார்கள். ஐஸ்லாந்து என்ற தீவில் 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கட்டி மிக மோசமாகப் பரவியிருந்தது. நல்ல மருந்து இல்லாத காலம். கழிவை நாய்க்குப் போடாதே என்று ஊர் ஊராக எடுத்துச் சொல்லியும், நாய்களைக் கட்டுக்குள் வைத்தும் அதை ஒழித்துவிட்டார்கள்.

தாடை வீக்கத்துக்கு வருகிறேன். அது வேறு நோய். உடம்பில் புரதம் குறைந்து நீர் கோத்துக்கொள்வதால் தொங்குகிறது. கீழ் இமையைப் பிதுக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழுவாக இருக்கலாம். கண்மாய் ஓரம் மேய்கிற ஆடு என்றால் தட்டைப்புழுவும் சேரலாம், அது நத்தை வழியாக வருவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, தை, மாசியில் நீர் வற்றி இறங்கும்போது கரையில் பச்சென்று புல் முளைக்கும் பாருங்கள், ஆடு ஓடி ஓடி மேய்வது அதைத்தான். புழுவும் அந்தப் புல்லின் அடியில்தான் ஒட்டியிருக்கிறது. இரண்டு புழுவுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் ஆடு போட்ட சூட்டோடு எலுமிச்சை அளவு புழுக்கையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்துவிட்டு மருந்து ஊற்றுங்கள். சினை ஆடு எது, எத்தனை மாதம் என்றும் சொல்லிவிடுங்கள். சில புழு மருந்துகள் இளஞ்சினையில் ஆகாது.

எரிவாயுக் கலனில் குடலைப் போடலாமா? வேண்டவே வேண்டாம். கலனுக்குள் சூடு 35 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், புழு முட்டையெல்லாம் முழுசாகச் சாகாது. கொழுப்பு மேலே மிதந்து ஆடை கட்டும். அதைவிட, கரைசல் தொட்டியில் குடல் கிடந்தால் நாய் வந்து இழுக்கத்தான் செய்யும், விட்ட இடத்துக்கே திரும்பி வருவோம். நாய் மலமும் அதில் போடக் கூடாது.

சாணத்துக்கு மட்டும் என்றால் கலன் நல்ல யோசனை. ஆனால் அளவைப் பார்த்துக் கட்டுங்கள். 1 கன மீட்டர் வாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணம் வேண்டும், அதே அளவு தண்ணீரும். நாலு மாடு இருக்கிறதே, 2 கன மீட்டர் கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது நாள் முழுக்கத் தொழுவத்தில் நிற்கும் பெரிய மாட்டுக் கணக்கு. நாட்டு மாடு பகலெல்லாம் மேயப் போய்ப் பாதிச் சாணத்தைக் காட்டில் போட்டுவிட்டு வரும். உங்களுக்குக் கையில் கிடைப்பது 20 கிலோவைத் தாண்டினால் பெரிது. ஒரு வாரம் விடியற்காலையில் கூட்டி அள்ளி, தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம். 1 கன மீட்டர் கலன் இரண்டு மூன்று பேருக்குச் சமைக்கத்தான் வரும், மிச்சத்துக்கு வேறு அடுப்பு இருக்க வேண்டும். வெளியே வரும் சாணக் கரைசலை அப்படியே கீரைக்கு ஊற்றாமல், குப்பையோடு மக்கவிட்டுத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் போடுங்கள். இன்னொன்று, கலன் அடைத்துக்கொண்டால் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். சாணக் குழியில் மூச்சு முட்டி விழுந்தவரைத் தூக்கப் போய் அடுத்தவரும் விழுந்த செய்தி அடிக்கடி வருகிறது. முட்டை அழுகின நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள், அந்த வாயு அதிகமாக இருந்தால் மூக்கே மரத்துப்போகும். மானியம், மாதிரி பற்றிக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மாமியார் இருமலுக்கு நான் மருந்து சொல்லக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளிப் பரிசோதனை, புகைதான் காரணம் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் புகையும் லேசான விஷயம் இல்லை. விறகு, வறட்டி, கரி அடுப்புகளின் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கலன் வரும் வரை அடுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், ஈர விறகை எரிக்காதீர்கள். பழைய வீட்டில் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு தாண்டி அடுப்படியைக் கடைசியில் வைத்ததற்கும் புகைப்போக்கி எடுத்ததற்கும் அர்த்தம் இருக்கிறது. அதைத் தடுத்துச் சின்ன அறையாக்கி, சன்னலையும் அடைத்துவிட்டுச் சமைக்கிறோம்.

கரிமூட்டக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சீமைக்கருவேலக் கரிதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மூட்டம் நாள்கணக்கில் மண்ணுக்குள் கனிந்துகொண்டு கிடக்கும். அந்தப் புகையில் வாசனையில்லாத நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடும் உண்டு. ஆடியில் மேற்குப் பக்கமும் மார்கழியில் வடகிழக்குப் பக்கமும் மூட்டம் இல்லாமல் இருந்தால் உங்கள் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் புகை அதிகம் வராது. அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அடுத்த மூட்டத்தைப் புஞ்சையின் மறுகோடிக்குத் தள்ளிப் போடச் சொல்லலாம். இரவில் மூட்டத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டுப் படுக்கும் காவல்காரரையும் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள்.

நாய் மாத்திரையை வெறுமனே நீட்டினால் துப்பிவிடும். வெந்த கறித் துண்டுக்குள் பொதிந்து, முதலில் மாத்திரை இல்லாத துண்டு ஒன்று, இரண்டாவதாக மாத்திரைத் துண்டு, அது விழுங்குவதற்குள் மூன்றாவதைக் காட்டுங்கள். இரண்டு நாயையும் தனித்தனியாகக் கட்டிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றே இரண்டு பங்கையும் தின்றுவிடும். கொடுத்த தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.