ஆலிஸ் கதையைக் கயிற்றிலும் தோளிலும் ஏறி நடிக்கிறார்கள், 8 வயது மகளை அனுப்பலாமா?

கேள்வி: மும்பையில் இருக்கிறோம். முயல் வளைக்குள் விழுந்து விசித்திர உலகத்துக்குப் போகும் சிறுமியின் கதையான 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்டை' வைத்து பல்டி, கயிறு, ஆள்மேல் ஆள் ஏறுவது என்று பெரும்பாலும் உடம்பாலேயே நடிக்கும் நாடகம் ஒன்றுக்கு என் 8 வயது மகளைக் கூப்பிடுகிறார்கள். இது நாடகமா, சர்க்கஸா? அனுப்பலாமா?

அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் ஒருநாள் ஒத்திகைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நம் கண் தானாகவே மேலே ஏறுகிற பிள்ளை மேல்தான் போகும், அதை விட்டுவிட்டு கீழே நிற்கிறவரைப் பாருங்கள். அவர் கண்ணும் கையும் பிள்ளையோடு சேர்ந்து நகர்கிறதா, அல்லது அவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் சயானில் இருக்கிறேன். என் மகள் ஐந்து வருடமாகக் கயிற்றில் மல்லர் கம்பம் (கம்பத்திலோ கயிற்றிலோ ஏறித் தொங்கிச் செய்யும் உடற்பயிற்சி) கற்றுக்கொள்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளும் தாராவி 90 அடி ரோட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுமாக 11 பேர் சேர்ந்து பொங்கல் விழாவுக்காக ஆலிஸ் கதையை 25 நிமிட நாடகமாகச் செய்தார்கள். கதை எழுதுவதும் துணி தைப்பதும் என் பொறுப்பு, கயிறும் பல்டியும் மகளுக்கு மல்லர் கம்பம் சொல்லித்தரும் மராத்திக்கார சர் பொறுப்பு.

முதல் தடவை கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் பண்ணாங்க, ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு அங்க போனா? கடைசில வீட்டுக்கு வந்தாளா இல்லையா?" என்று கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு என்னென்ன வித்தை தெரியுமோ அதையெல்லாம் கதைக்குள் திணித்திருக்கிறோம், வித்தை கதையைத் தின்றுவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த பல்டியை எடுத்துவிட்டால் கதையில் ஒரு வாக்கியம் காணாமல் போக வேண்டும், அப்படிப் போனால் அது நாடகம். எடுத்தாலும் கதை அப்படியே இருக்கிறது என்றால் அது தனி சர்க்கஸ் அயிட்டம். சர்க்கஸ் மட்டம் என்று சொல்லவில்லை, அதன் வேலை வேறு.

இந்த வகையில் பெரிய அளவில் செய்தவர்கள் சிகாகோவின் லுக்கிங்கிளாஸ் தியேட்டர் குழுவினர். டேவிட் கேட்லின் எழுதி இயக்கிய 'லுக்கிங்கிளாஸ் ஆலிஸ்' 2005இல் முதலில் மேடையேறியது. ஆக்டர்ஸ் ஜிம்னாசியம் என்ற சர்க்கஸ் பள்ளியோடு சேர்ந்து செய்தார்கள். ஐந்தே நடிகர்கள்தான், அத்தனை பாத்திரங்களையும் அவர்களே மாறி மாறிச் செய்தார்கள்.

ஏன் ஆலிஸ் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். லூயிஸ் கரோல் அந்தக் கதையை 1862 ஜூலையில் படகில் போகும்போது மூன்று சிறுமிகளுக்கு வாயால் சொன்னதுதான் ஆரம்பம், புத்தகமாக வந்தது 1865இல். அதில் ஆலிஸுக்கு நடப்பதெல்லாம் உடம்புக்கு நடப்பவை. விழுகிறாள், வளர்கிறாள், சிறுத்துப்போகிறாள், சொந்தக் கண்ணீரிலேயே நீந்துகிறாள். 1871இல் வந்த இரண்டாம் புத்தகத்தில் சிவப்பு ராணியோடு மூச்சுவாங்க ஓடுகிறாள், நின்று பார்த்தால் அதே மரத்தடி! காலை லோக்கலில் தாதரில் ஏறி இறங்குகிற மும்பைக்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

பாட்டி கேட்ட பிறகு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுத் திரும்பச் செய்தோம். ஆலிஸ் பெரிதாகும் இடத்தில் என் மாமியாரின் பழைய ஒன்பது கஜப் புடவையைப் பாவாடையாகத் தைத்தேன். அதற்குள்ளே ஒரு 14 வயதுப் பையன் மெல்ல எழுந்து நிற்க, அவன் தோளில் உட்கார்ந்திருக்கும் ஆலிஸ் வளர்ந்துகொண்டே போவாள். சிறுத்துப்போகும் இடத்தில்தான் ரொம்ப நாள் திணறினோம், கடைசியில் என் மகள்தான் வழி சொன்னாள்: ஆலிஸ் ஒன்றும் செய்ய வேண்டாம், மற்ற எல்லாரும் ஸ்டூலிலும் தோளிலும் ஏறிவிட்டால் அவள் தானாகச் சின்னவளாகிவிடுவாள். கம்பளிப்பூச்சிக்கு மூன்று பிள்ளைகள் ஒரே நீலப் போர்வைக்குள். ராணியோடு ஓடும் இடத்தில் இரண்டு பேரின் இடுப்பிலும் துப்பட்டாவைக் கட்டிப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்போம், அவர்கள் உண்மையாகவே முழு வேகத்தில் ஓடுவார்கள், ஓர் அடி நகராது. வசனமே தேவைப்படவில்லை.

மும்பையில் இதற்கு இருக்கும் வசதி மல்லர் கம்பம். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் எழுதுவித்த 'மானசோல்லாச'த்திலேயே இதைப் பற்றி வருகிறது. பிறகு பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் மல்யுத்தப் பயிற்சிக்காக மீட்டெடுத்தார். சிவாஜி பார்க்கில் இன்றும் சாயங்காலம் போனால் பிள்ளைகள் கம்பத்தில் தொங்குவதைப் பார்க்கலாம், முதல் உலகப் போட்டியே 2019இல் அங்கேதான் நடந்தது. கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவுவார்கள். கயிற்றில் அது கிடையாது, பருத்திக் கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடுக்கி, முடிச்சே போடாமல் உடம்பைச் சுற்றித்தான் எல்லாம். கயிற்றாட்டம் நம் பழைய நினைவிலும் இருக்கிறது. வாகை நெற்று காற்றில் கலகலப்பதற்கு ஆரியக் கூத்தாடிகள் கயிற்றில் ஆடும்போது அடிக்கும் பறையை உவமை சொல்கிறது குறுந்தொகையின் 7ஆம் பாட்டு. அதை என் மகளுக்குச் சொன்னபோது அவளுக்கு அவ்வளவு பெருமை.

சரி, பாதுகாப்பு. இதில் எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மராத்தியில் 'பாய்' என்றால் கால். புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை கயிற்றில் தலைக்கு மேல் உயரத்தில் இருக்கும்போது, கால் பிடி நழுவுகிறது என்று சர் "பாய்! பாய்!" என்று கத்தினார். அவனுக்கு அது தமிழாகக் கேட்டது, குதித்துவிட்டான். கீழே நின்ற இரண்டு பெரிய பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், மெத்தையும் இருந்தது, கணுக்கால் லேசாகப் பிசகியதோடு போனது. அன்றைக்கே எந்தச் சொல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எல்லாரையும் உட்காரவைத்து முடிவு செய்தோம். அதனால் உங்கள் மகளுக்கு அங்கே எந்த மொழியில் கட்டளை சொல்வார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், கயிறு எதில் தொங்குகிறது, அந்தக் கொக்கியை யார் சோதித்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மின்விசிறிக் கொக்கியில் மாட்டியிருந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள், இதில் விவாதமே வேண்டாம். 8 வயதுப் பிள்ளை மேலே ஏறலாம், மற்றவரைத் தாங்கக் கூடாது. முதல் சில வாரம் தரையில் உருளவும் சரியாக விழவும் மட்டுமே சொல்லிக்கொடுத்தால் நல்ல ஆசிரியர் என்று அர்த்தம். முதல் வாரமே மேலே ஏற்றி போட்டோ அனுப்பினால் யோசியுங்கள். தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் கயிறு உரசிச் சிவக்கும், அது எல்லாருக்கும் வரும், பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெயை இரவில்தான் தடவ வேண்டும், வகுப்புக்கு முன் தடவினால் வழுக்கும்.

புத்தகத்தில் ஆலிஸ் முயல் வளைக்குள் மெதுவாகத்தான் விழுகிறாள். போகிற வழியில் அலமாரியிலிருந்து ஒரு ஜாம் ஜாடியை எடுக்கிறாள், அது காலி. கீழே யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று அதைப் போடாமல், இன்னொரு அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறாள். எங்கள் நாடகத்தில் என் மகள் கயிற்றில் தலைகீழாக அங்குலம் அங்குலமாக இறங்குவாள், ஸ்டூல் மேல் நிற்கும் ஒரு பையன் ஊறுகாய் ஜாடியை நீட்டுவான், வாங்கி எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டூல்காரனிடம் கொடுப்பாள். (மேடையில் பிளாஸ்டிக் ஜாடிதான்.) இரண்டாவது தடவை போட்டபோது அதே பாட்டி முன் வரிசையில் இருந்தார். முடிந்ததும் மகளைக் கூப்பிட்டு, "ஜாடி காலிதானே, தூக்கிப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடிக்க வேண்டியதுதானே?" என்றார்.

"கீழ ஆள் இருப்பாங்கல்ல பாட்டி."

முதல் நாள் அனுப்பும்போது கால் நகத்தையும் வெட்டி அனுப்புங்கள். கொலுசு, கம்மல், இடுப்புக் கயிறு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.