வேர் வெளியே தெரியும் போன்சாயை எப்படி இன்னும் வடிவாக்கலாம்? மண்ணைக் கூட வழித்துவிடலாமா? (கொழும்பு, தொடர்மாடி பல்கனி)

மண்ணை இப்போதைக்குத் தொடாதீர்கள். வேர் ஏற்கெனவே தெரிகிறதென்றால் வேலை இருப்பது மேலே.

இந்தப் பாணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் நெஅகாரி. வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போனபின் வேரை ஊன்றி நிற்கும் மரத்தின் தோற்றம். இதில் வேர்தான் அடிமரம். நெளிந்து இறங்கும் வேருக்கு மேலே விறைப்பான தண்டு, அதற்கு மேலே பந்தாகக் கத்தரித்த தலை என்று விட்டால் இரண்டும் ஒட்டாது. நேர்சரிகளில் கிடைக்கும் ஜின்செங் ஃபைகஸ் உண்மையிலேயே இரண்டு மரம்: பருத்த வேருடைய இத்தியில் (ஆல், அரசுக்கு இனமான மரம்) சிறிய இலை இனத்தை ஒட்டியது. உங்களுடையதும் அதுவென்றால் ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை நுள்ளிவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே மரத்தை வெட்டினால் பெரிய இலைதான் வரும்.

சாடியைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். தடித்த வேர் எந்தப் பக்கம் சாய்கிறதோ, முதன்மைக் கிளையும் அந்தப் பக்கமே போகட்டும். தலையை அகலத்தில் குறைத்து, கிளைகளுக்கிடையே வெளி விடுங்கள். முன்பக்கத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் வேர் இருந்தால் எடுக்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு ஒன்று. அதற்கு முன் அந்த வேரின் நுனியில் மண்ணுக்குள் எவ்வளவு சல்லிவேர் இருக்கிறது என்று கிளறிப் பாருங்கள். மரத்துக்குச் சோறு போடுவதே அதுவாக இருந்தால் விட்டுவிடுங்கள், வடிவு பிறகு. வெட்டிய இடத்தில் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றினால் போதும்.

கிளையை வளைக்க அலுமினியக் கம்பி நல்லது. நம் வெக்கைக்கு இத்தி வேகமாகப் பருக்கும். கிழமைக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். அந்தத் தழும்பு லேசில் மறையாது.

வேர் மெலிந்திருக்கிறதே என்பவர்களுக்கு: காற்றில் தொங்கும் வேர் மெதுவாகத்தான் பருக்கும். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைச் சுற்றிவைத்து, உள்ளே மணலும் தும்புத்தூளும் நிரப்பி வேரைத் திரும்ப மூடுங்கள். மேலே ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுங்கள். பருத்தபின் போத்தலை மேலிருந்து ஒரு வளையம் வளையமாக வெட்டி இறக்கலாம். ஒரேயடியாகத் திறந்தால் மெல்லிய வேர் காய்ந்துபோகும்; கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால்தான் பட்டை பிடித்து முற்றும்.

மாதிரிக்கு இணையப் படம் தேட வேண்டாம். கொழும்பின் பழைய மதில்களில் முளைத்திருக்கும் அரசங்கன்றைப் பாருங்கள். வேர் செங்கலைத் தழுவி வரும், வெடிப்பு கிடைத்த இடத்தில் மட்டும் பிரியும், கீழே போகப் போக மெலியும். நீர்கொழும்புக் களப்பின் கண்டல்மரங்களும் நல்ல வாத்தியார்கள்தான்.

மண்கலவைக்கு உடைத்துச் சலித்த செங்கல், பருமணல், கொஞ்சம் கொம்போஸ்ட். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பர் மழை. களிமண் நிரப்பிய சாடியில் நீர் தேங்கினால் சல்லிவேர் அழுகும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடலைப் பார்த்த பல்கனியென்றால் உப்புக்காற்று இலை ஓரத்தைக் கருக்கும். அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

ஈரப்பதத்துக்காகச் சாடிக்குக் கீழே தண்ணீர்த்தட்டு வைக்கச் சொல்லும் ஆலோசனை குளிர்நாட்டு வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு. இங்கே காற்றிலேயே வேண்டிய ஈரம் இருக்கிறது. போதாததற்கு, நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். டெங்குப் பரிசோதனைக்கு வரும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிடம் இது நெஅகாரி என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.