மேல் அலமாரிக்கு அடியில் எந்த விளக்கு, எப்படிப் பொருத்துவது?

சமையல் மேடையில் காய் நறுக்கும்போது நம் நிழலே கத்தியின் மேல் விழுகிறது, அதற்கு எல்இடி பட்டை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும். ஆனால் ஒட்டும் இடம்தான் பாதி வேலை. பலர் சுவரோரமாக ஒட்டுகிறார்கள். அப்போது டைல்ஸ்தான் பளிச்சென்று தெரியும், மேடையின் முன்பகுதி மங்கலாகவே இருக்கும். அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, உள்பக்கமாகப் பொருத்துங்கள்.

உங்கள் மேடை கறுப்பு கிரானைட் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. பாலிஷ் போட்ட கல்லில் ஒவ்வொரு எல்இடியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் பட்டையை வைத்தால் ஒளி பரவலாகும், சூடும் தணியும், எண்ணெய்ப் பிசுக்கையும் துடைக்கலாம். தாளிப்பு நடக்கும் வீட்டில் வெறும் பட்டையை ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பசை விட்டுவிடும்.

ஒளியின் நிறம் 3000 முதல் 4000 கெல்வின் வரை இருக்கட்டும்; எண் கூடக் கூட ஒளி நீலம் கலந்த வெள்ளையாகும். 6500 வாங்கினால் சாம்பார்கூட வெளிறித் தெரியும். பொருளின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதைக் குறிக்கும் சிஆர்ஐ 90க்கு மேல் இருக்கட்டும்.

மின்சாரக் கணக்கு எளிது: மீட்டருக்கு 10 வாட் பட்டை, 2.5 மீட்டர் என்றால் 25 வாட். வீட்டு மின்சாரத்தைப் பட்டைக்கேற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் டிரைவர் 30 வாட்டுக்குக் குறையக் கூடாது. பட்டை 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற டிரைவரை வாங்கி, அடுப்புக்கும் தொட்டிக்கும் எட்டாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். 230 வோல்ட் இணைப்பை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.